கம்ப்யூட்டருக்குத் தெரியுமா அக்காவின் கணக்கு?

(மூன்றாமாண்டு மாணவி, கணிப்பொறிப் பொறியியல் பிரிவு)

நம் பேரவை மலரில் நட்பைப் பற்றியும் தாயைப் பற்றியும் எழுத எத்தனையோ கவிஞர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது, கணக்கு ஓரளவு வரும். ஆகவே கொஞ்சம் பங்கும் கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டும் வைத்திருக்கிற ஒரு சாதாரணக் குடும்பம் தன் கணக்கை எந்த சாஃப்ட்வேரில் எழுதி வைப்பது என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

"பங்குச் சந்தையா? அதெல்லாம் பம்பாய்க்காரன் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். 2022 ஆகஸ்டிலேயே இந்தியாவில் டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டது. எஸ்.ஐ.பி. மூலம் ஃபண்டுகளுக்குப் போன பணம் 2024 ஏப்ரல் மாதத்தில் மட்டும் 20,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கூட்டத்தில் என் அக்காவும் ஒருத்தி. நம் வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள், அண்ணனோ மாமாவோ ஏதாவது ஒரு 'ஆப்'பில் மாதம் ஐந்நூறு ரூபாய் போட்டுக் கொண்டிருப்பார்.

எங்கள் வீடு கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை கடந்து, வளைந்து வளைந்து மேலே போக வேண்டும். அப்பா சாமையும் மரவள்ளியும் போடுகிறார், மழை பொய்த்த வருடம் வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போகிறார். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அக்கா பிளஸ் டூவோடு நின்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அவள் போனதால்தான் நான் இங்கே படிக்கிறேன். அதை இந்தப் பக்கத்தில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

2023 ஜூலையில் அக்கா மாதம் ஆயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. ஆரம்பித்தாள். அந்த வருடத் தீபாவளி போனஸில் ரிலையன்ஸ் பங்கு 4, ஐ.டி.சி. பங்கு 20 வாங்கினாள். 2024 ஜூலையில் ஹாஸ்டல் தோழி சொன்னாள் என்று வேறொரு ஆப்பில் இன்னொரு ஃபண்டில் இன்னொரு ஆயிரம். 2025 டிசம்பரோடு முதல் ஃபண்டில் 30 தவணை, இரண்டாவதில் 18 தவணை. ஆக மொத்தம் 48,000 ரூபாய், பங்குகள் தனி.

நான் டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடம் சேர வேண்டும் என்பது அக்காவின் ஆசை. கட்டணச் சலுகை இருந்தாலும் விடுதி, மெஸ், புத்தகம், பஸ் என்று செலவு இருக்கிறதே. அம்மாவோ அதே பணத்தை அக்காவின் கல்யாணத்துக்குத் தோடாகவும் செயினாகவும் பார்க்கிறாள். இப்படி ஒரே பணத்தின் மேல் இரண்டு பேருடைய வாழ்க்கை நிற்கும்போதுதான் அக்கா போனில் கேட்டாள்.

"ஏன்டி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? ஒரு ஆப்புல ஒண்ணு காட்டுது, இன்னொண்ணுல வேற காட்டுது. நெசமா எங்கிட்ட எவ்ளோ இருக்குது?"

மூன்று வருடம் சி, ஜாவா, டேட்டாபேஸ் எல்லாம் படித்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. முதல் ஆப்புக்கு இரண்டாவது ஆப்பில் வாங்கிய ஃபண்டைப் பற்றித் தெரியாது. இரண்டாவதற்குப் பங்குகளைத் தெரியாது. போதாததற்கு லாப சதவீதம் வேறு. ஒன்று போட்ட பணத்துக்கு மொத்தமாக எத்தனை சதவீதம் என்று காட்டுகிறது, மற்றொன்று வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று காட்டுகிறது. இரண்டும் சரிதான், இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள்.

இதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். மாதத்தின் முதல் தேதியில் ஆயிரம் ரூபாயாகப் பன்னிரண்டு மாதம் போட்டு, வருட முடிவில் 12,720 ரூபாய் ஆனது என்று வையுங்கள். "12,000க்கு 720 லாபம், 6 சதவீதம், பாங்கிலேயே போட்டிருக்கலாம்" என்று தோன்றும். ஆனால் முதல் ஆயிரம்தான் முழு வருடம் இருந்தது. கடைசி ஆயிரம் ஒரே மாதம்தான் இருந்தது. ஒவ்வொரு தவணையும் எத்தனை நாள் இருந்தது என்று பார்த்துக் கணக்குப் போட்டால் வருட வீதம் 11 சதவீதத்துக்குச் சற்று மேலே வரும். இந்தக் கணக்கைப் போட 'எக்ஸ்.ஐ.ஆர்.ஆர்.' என்று ஒரு ஃபார்முலா எக்செல்லிலும் இருக்கிறது, காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இருக்கிறது. தேதி ஒரு வரிசை, பணம் ஒரு வரிசை. போட்டதை மைனஸ் குறியோடும், இன்றைய மதிப்பைப் பிளஸ்ஸாகவும் கொடுத்தால் முடிந்தது. இதை நம் பாடத்திட்டத்தில் யாரும் சேர்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்!

சரி, எந்த சாஃப்ட்வேர்? லேபில் மாலை நேரம் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் இன்டர்நெட்டிலேயே கணக்கு வைத்துக் கொள்ளும் இலவச சேவைகள். சுலபம், அழகு, வண்ண வண்ண வட்டப் படம். ஆனால் இரண்டு விஷயம் இடித்தது. சில, நம் ஈமெயிலைத் திறந்து படிக்கவும் போனில் வரும் குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுமதி கேட்கின்றன. பாங்க் ஓ.டி.பி. வருகிற அதே பெட்டியை! இதற்குப் பதிலாக ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி நடக்கும் 'அக்கவுன்ட் அக்ரிகேட்டர்' என்ற ஏற்பாடு 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் எந்தத் தகவல், எத்தனை நாளைக்கு, யாருக்கு என்று நாம் சம்மதம் கொடுத்தால்தான் விவரம் போகும். ஆப்பைத் திறக்கும்போது அந்த வழியில் கேட்கிறதா, இல்லை முழு ஈமெயிலையும் கேட்கிறதா என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

இரண்டாவது, அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் நம் நெல்லைக் கொட்டி வைத்தால் அவன் திண்ணையை இடிக்கும்போது நாம்தான் அள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் மணி என்று ஒரு சாஃப்ட்வேர் இருந்தது, 2009ல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். கூகுள் ஃபைனான்ஸில் போர்ட்ஃபோலியோ எழுதி வைத்தவர்களுக்கு 2017 நவம்பரில் அந்த வசதி போனது. இத்தனை பெரிய கம்பெனிகளே இப்படி என்றால் நேற்று முளைத்த ஆப்பைப் பற்றி என்ன சொல்ல? எதில் எழுதினாலும் எழுதியதை வெளியே எடுத்துக் கொண்டு போக வழி இருக்கிறதா என்பதைத்தான் நான் முதல் கேள்வியாக வைத்தேன்.

அடுத்து க்னூகேஷ். 1998ல் முதல் பதிப்பு வந்த இலவச சாஃப்ட்வேர், இன்றும் உயிரோடு இருக்கிறது. ஃபைல் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். இரட்டைப் பதிவு முறை, அதாவது ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியாக வேண்டும். ஐந்து பைசா இடித்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். விலைகளைத் தானாக எடுத்துவர 'ஃபைனான்ஸ் கோட்' என்று பெர்ல் மொழியில் ஒரு தொகுப்பு உண்டு, அதில் நம் நாட்டு மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. அக்காவுக்கு ஸ்கிரீனைப் படம் பிடித்து அனுப்பினேன். "இதுல என் பணம் எங்கடி இருக்குது?" என்று கேட்டாள். பணம் யாருடையதோ அவளுக்கே படிக்கத் தெரியாத கணக்கு எதற்கு? அதை மூடி வைத்தேன்.

ஜெர்மனியில் உருவான போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரையும் பார்த்தேன். வருட வீதத்தை அதுவே கணக்கிடும், வரைபடம் அருமை. நம் ஊர் ஃபண்டுக்கு விலையை எங்கிருந்து எடுப்பது என்று மட்டும் நாம்தான் அதற்குச் சொல்லித் தர வேண்டும். பங்குகள் நிறைய வைத்திருப்பவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வேன். இரண்டு ஃபண்டுக்கும் இரண்டு கம்பெனிப் பங்குக்கும் இது, எலி பிடிக்க யானை வாங்கிய கதை.

கடைசியில் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு தாள் போட்டேன். தலைப்பெல்லாம் தமிழில். தேதி, என்ன செய்தோம், எதில், எத்தனை யூனிட், என்ன விலை, செலவு எவ்வளவு. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி. எழுதிய வரியை அழிப்பதில்லை. தவறிருந்தால் கீழே திருத்த வரி, அவ்வளவுதான். ஃபண்டுகளின் விலைக்கு ஆம்ஃபி என்ற ஃபண்டுகளின் சங்கம் (1995ல் தொடங்கப்பட்டது) தினமும் எல்லா ஃபண்டுகளின் என்.ஏ.வி.யையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் வெளியிடுகிறது. அரைப்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல். அதை இன்னொரு தாளில் இறக்கி, ஃபண்டின் குறியீட்டு எண்ணை வைத்து 'விலுக்கப்' போட்டால் விலை வந்து உட்கார்ந்து கொள்ளும். நாம் முதல் வருடம் 'ஆபீஸ் ஆட்டோமேஷன்' பிராக்டிகலில் மார்க் லிஸ்ட் போட்டோமே, அதே வித்தைதான்.

தாள் தயாரானதும் ஒரு வேடிக்கை. அக்கா போட்டது ஆயிரம் ரூபாய். யூனிட்டையும் விலையையும் பெருக்கினால் 999 ரூபாய் 95 பைசா. எல்லா மாதமும் ஐந்து பைசா குறைகிறது! ஃபார்முலாவைப் பத்து முறை பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, 2020 ஜூலை 1 முதல் மியூச்சுவல் ஃபண்ட் வாங்குவதற்கு 0.005 சதவீதம் முத்திரைத் தீர்வை உண்டு. ஆயிரத்துக்கு ஐந்து பைசா. அக்காவிடம் சொன்னால், "அஞ்சு பைசாவுக்காடி ரெண்டு நாளு போனே எடுக்கல?" என்று திட்டினாள். ஆனால் அந்த ஐந்து பைசாவைக் கண்டுபிடித்த அன்றுதான் எனக்குத் தாளின் மேல் நம்பிக்கை வந்தது.

பங்குகளின் கணக்கு இதைவிட வம்பு. 2024 அக்டோபர் கடைசியில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தது. அன்று பங்கின் விலை ஏறக்குறைய பாதியானது. அக்கா கம்பெனித் தோழியிடம் யாரோ "ரிலையன்ஸ் பாதி விழுந்துடுச்சு" என்று சொல்லப் போக, அக்காவுக்கு அன்று ராத்திரி ஷிப்ட்டில் கையே ஓடவில்லையாம். 4 பங்கு 8 ஆகிவிட்டது, விலை பாதி, மதிப்பு அதேதான். தாளில் 'போனஸ், 4 பங்கு, விலை 0' என்று ஒரு வரி சேர்க்காவிட்டால் எந்த சாஃப்ட்வேரும் 50 சதவீதம் நஷ்டம் என்றுதான் காட்டும். 2025 ஜனவரியில் ஐ.டி.சி.யிலிருந்து ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் தனியே பிரிந்தது. 10 பங்குக்கு ஒன்று என்று அக்காவுக்கு 2 பங்கு வந்தது. வாங்கிய விலையையும் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும், பிரிக்கும் விகிதத்தைக் கம்பெனியே அறிவிக்கும். ஒரு சாஃப்ட்வேரைச் சோதிக்க வேண்டுமா? இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் கொடுத்துப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் சாஃப்ட்வேர். இனி சொல்லப் போவது அதற்கு மேற்பட்டது.

என் தாத்தா காலத்தில் புளியும் கடுக்காயும் கீழே இருந்து வரும் வியாபாரிக்குத்தான் போகும். காய் பழுக்கும் முன்பே முன்பணம் கொடுத்திருப்பான். எவ்வளவு கொடுத்தான், எத்தனை மூட்டை எடுத்தான், பாக்கி எவ்வளவு, எல்லாம் அவன் நோட்டில். தாத்தாவிடம் நோட்டும் இல்லை, எழுத்தும் இல்லை. "பாக்கி இன்னும் இருக்குதுங்க கவுண்டரே" என்று அவன் சொன்னால் இருக்கிறது, அவ்வளவுதான். அப்பா இதைச் சிரித்துக் கொண்டேதான் சொல்வார், எனக்குச் சிரிப்பு வராது.

விடுதியில் என் அறைத் தோழியின் ஊர் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம். அவள் அப்பா சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பிய எடைச் சீட்டுகளை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாராம். பணம் தாமதமானாலும் சீட்டு கையில் இருக்கிறது. பங்குச் சந்தையில் அந்த எடைச் சீட்டுக்குப் பெயர் கான்ட்ராக்ட் நோட். புரோக்கர் ஈமெயிலில் அனுப்புவார், யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பெட்டியைப் போல இன்னொன்றும் இருக்கிறது. 1996ல் டெபாசிட்டரி சட்டம் வந்த பிறகு பங்குகள் காகிதத்திலிருந்து மின்னணுப் பதிவுக்கு மாறின. அவற்றை வைத்திருப்பது ஆப் அல்ல, புரோக்கரும் அல்ல. என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு டெபாசிட்டரிகள். ஃபண்டுகளின் யூனிட் கணக்கை வைத்திருப்பவை கேம்ஸ், கே-ஃபின்டெக் போன்ற பதிவாளர் நிறுவனங்கள். இவை எல்லாவற்றையும் ஒரே பான் எண்ணின் கீழ் சேர்த்து, 'ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை' என்று ஒன்றை 2015 முதல் செபியின் உத்தரவுப்படி அனுப்புகிறார்கள். பரிவர்த்தனை நடந்த மாதங்களில் மாதா மாதம், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. காசு இல்லை. அக்காவின் ஈமெயிலில் அது இரண்டு வருடமாகத் திறக்கப்படாமல் கிடந்தது! நிஜமாக எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாளே, அதற்குப் பதில் அங்கேயே இருந்தது. இரண்டு ஃபண்டு, ரிலையன்ஸ் 8, ஐ.டி.சி. 20, ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் 2. என் தாளோடு ஒட்டிப் பார்த்தேன், யூனிட் மூன்றாவது தசம இடம் வரை ஒத்துப் போயிற்று.

ஒட்டிப் பார்ப்பது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு 2019 நவம்பரை நினைவுபடுத்துகிறேன். கார்வி ஸ்டாக் புரோக்கிங் நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் பொருள் போல அடகு வைத்ததாகக் கண்டு, புது வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று செபி நவம்பர் 22ல் உத்தரவிட்டது. பிறகு டிசம்பரில் பெரும்பாலான வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்குப் பங்குகள் திரும்ப வந்தன. புரோக்கரின் திரையும் டெபாசிட்டரியின் அறிக்கையும் வேறுபடுகிறதா என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்தான் அறிய முடியும்.

இனி என் சித்தப்பா கதை. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது பாப்பா, நாலு பேரு தெரிஞ்சிக்கட்டும்" என்றார்.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது என் தாளைப் பற்றிக் கேள்விப்பட்டு, "என்னுதையும் அதுல ஏத்திக் குடு" என்று போனை நீட்டினார். ஒரு டிரேடிங் ஆப். வாட்ஸ்ஆப் குரூப்பில் யாரோ லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். 38,000 ரூபாய் போட்டிருக்கிறார், மரவள்ளி விற்ற பணமும் சித்தியின் குழுக் கடனும். திரையில் 2 லட்சத்துக்கு மேல் காட்டியது. பச்சை நிறக் கோடு, தினமும் ஏறுகிறது. அக்காவின் ஆப்பைவிட அழகாகத்தான் இருந்தது.

"கான்ட்ராக்ட் நோட் வந்துச்சா சித்தப்பா?"

"அது என்னாது?"

"டெபாசிட்டரில இருந்து மெசேஜ்? டீமேட் நம்பர்?"

எதுவும் இல்லை. பணம் அனுப்பியது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயரில் உள்ள யு.பி.ஐ.க்கு. போன வாரம் கொஞ்சம் எடுக்கப் பார்த்தாராம், முதலில் 20 சதவீதம் 'வரி' கட்டினால்தான் எடுக்க முடியும் என்று பதில் வந்திருக்கிறது. அந்த வரியைக் கட்டத்தான் ஊரில் கடன் கேட்டுக் கொண்டிருந்தார். லாபத்துக்கு வரியைப் புரோக்கர் முன்கூட்டியே இப்படித் தனியாகக் கையில் வாங்குவது எங்கேயும் கிடையாது. என் தாளில் ஏற்ற அங்கே ஒரு பங்கு கூட இல்லை என்று நான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சித்தி அடுப்படியில் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். யாரும் அழவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்து போய் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தோம். பணம் அனுப்பிய தேதி, நேரம், பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டார்கள். சித்தப்பாவின் போனிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி வரியாக எழுதிக் கொடுத்தேன். அந்த வரிகளும் என் தாளில் தனிப் பக்கமாக இருக்கின்றன. புகார் எண் கிடைத்திருக்கிறது, பணம் கிடைக்கவில்லை. கடன் வாங்கி அந்த 'வரி'யைக் கட்டாமல் தடுத்தது மட்டும் மிச்சம். 2012ல் ஈமு கோழியில் கொங்குப் பக்கம் எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்று அப்பா இன்றும் சொல்வார். அப்போது கண்ணுக்குக் கோழியாவது தெரிந்தது!

திரும்பவும் அக்கா கணக்குக்கு வருகிறேன். 2025 டிசம்பர் முடிவில் ஃபண்டுகளின் மதிப்பு 52 ஆயிரத்துச் சொச்சம். 48 தவணைகளில் 24 தவணைகள் ஒரு வருடம் தாண்டியவை. விற்கும்போது முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாகக் கணக்கு. ஒரு வருடம் தாண்டிய பங்கு சார்ந்த ஃபண்டின் லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி 12.5 சதவீதம், ஆனால் வருடத்தில் 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை அந்த வரி இல்லை. ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவீதப் பிரிவில் வரும், பல ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் உண்டு. ஆகவே எடுப்பதென்றால் பழைய 24 தவணைகளை மட்டும் எடுப்பது நல்லது என்று தாளில் மஞ்சள் நிறம் போட்டு வைத்தேன்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளைப் போனில் திறந்து வைத்துக் கொண்டு பேசினாள்.

"மஞ்சளா இருக்கறது உன் படிப்புக்கு. மிச்சம் அப்படியே ஓடட்டும்."

"அம்மா தோடு கேக்குதேக்கா…"

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ அந்த அஞ்சு பைசாவையே பாத்துட்டு இரு."

கவுன்சலிங் முடியும் வரை எதையும் விற்கப் போவதில்லை. எனக்கு இடம் கிடைக்குமா, எந்த ஊரில் கிடைக்கும் என்பதைப் பொறுத்தது அது. அதுவரை மாதத்தின் முதல் ஞாயிறு அறிக்கையை எடுத்து, தாளோடு ஒட்டிப் பார்த்து, இரண்டு வரி சேர்ப்பது என் வேலை.

அக்காவின் எண்களை நீக்கிய வெற்றுத் தாள் ஒன்று தயாராக வைத்திருக்கிறேன். ஃபார்முலாக்களுக்குப் பக்கத்திலேயே தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறேன். வேண்டும் என்பவர்கள் பென் டிரைவோடு கம்ப்யூட்டர் லேபுக்கு வாருங்கள், மாலை நாலரை மணிக்கு மேல் மூன்றாவது வரிசையில் இருப்பேன். வைரஸ் இல்லாத பென் டிரைவாக இருந்தால் நலம்!